காலை ஏழரை மணிக்கு எங்களால் வர முடியாது

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: முடக்குவாத நோயாளிகளுக்கு மாத மருந்து, இரத்தப் பரிசோதனை, மாற்றுத்திறன் சான்று ஆகியவற்றை அவர்களது உடல் ஒத்துழைக்கும் நேரத்திலும் அவர்களால் வந்து சேரக்கூடிய இடத்திலும் வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நமது அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகள் பிரிவு காலை ஏழரை மணியளவில் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கும், வெயிலுக்கு முன் வீடு திரும்ப நினைக்கும் முதியவர்களுக்கும், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டியவர்களுக்கும் இது வசதியான நேரம்தான். முடக்குவாதம் உள்ளவர்களுக்கோ, இருபத்து நான்கு மணி நேரத்தில் எந்த நேரம் தங்களால் ஒன்றுமே செய்ய முடியாதோ அந்த நேரம் இது. நான் தென் மாவட்டம் ஒன்றில் பள்ளித் தையல் ஆசிரியையாக வேலை பார்த்தவள். முப்பதுகளின் நடுவில் இந்நோய் வந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமற்போனபின் அந்த வேலையை விட்டவள். இம்மடலில் நான் கேட்பவை அனைத்தும், எங்கள் உடலின் நேரமும் அரசின் நேரமும் முட்டிக்கொள்கிற இந்த ஒரே இடத்திலிருந்து பிறந்தவை.

முடக்குவாதம் என்பது வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று என்பது தங்கள் துறைக்குத் தெரிந்த செய்தி. இது திறந்த மடல் என்பதால் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. விரல், மணிக்கட்டு, பாதம் போன்ற சிறு மூட்டுகளில், பெரும்பாலும் இடம் வலம் இரண்டிலும் ஒருசேரத் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. நூறு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே இது வரும் என்பது பொதுவான கணக்கு. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் வாழும் மாநிலத்தில் அந்தச் சற்றுக் குறைவு என்பதே சில லட்சம் பேர்.

இந்நோய்க்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் இரவில் இரத்தத்தில் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சத்துக்கு வருகின்றன. அதனால்தான் கண் விழிக்கும்போது விரல்கள் மடங்க மறுக்கின்றன, பாதம் தரையில் ஊன்ற மறுக்கிறது. இந்நோயை இனங்காண அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் சங்கம் 1987இல் வகுத்த அளவுகோல்களில் முதலாவதே காலை இறுக்கம்தான். குறைந்தது ஒரு மணி நேரம் நீடிக்கும் இறுக்கம் என்று அதில் வரையறுத்திருந்தார்கள். 2010இல் வந்த புதிய அளவுகோல்களில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நோயைத் தொடக்கத்திலேயே இனங்காண வேண்டும் என்ற நோக்கத்தில் செய்த மாற்றம் அது, காரணமும் நியாயமானதே. எங்கள் காலைகளுக்கு மட்டும் அந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

நோய் கட்டுக்குள் இல்லாத ஒரு நாளின் காலை எப்படி இருக்கும் என்பதை, கோப்புகளில் இடம்பெறாத செய்தி என்பதால், சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. போர்வையை விரல்களால் பற்றி விலக்க முடியாது. முழங்கையால் தள்ள வேண்டும். குளியலறைக் குழாய் திருகு வகையாக இருந்தால் இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் திருப்ப வேண்டும். தரையோடு பதித்த கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும், அந்த இன்னொருவர் பெரும்பாலும் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகளாகத்தான் இருப்பாள். இரவிக்கைக் கொக்கிகள், தலைப்பின்னல், புடைவைக் கொசுவத்தில் குத்தும் ஊக்கு ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். எரிவாயு அடுப்பின் குமிழைத் திருகலாம், சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருக முடியாது. குக்கர் மூடியைப் போடலாம், திறக்க முடியாது. தேங்காய் துருவுவதும் துணி பிழிவதும் வீட்டில் வேறொருவருடைய வேலையாக எப்போதோ மாறியிருக்கும். வெந்நீரில் கைகளை அமிழ்த்தி, மெல்ல மெல்ல மடக்கி நீட்டி, ஒன்பதரை பத்து மணிக்குப் பிறகு விரல்கள் ஓரளவு சொன்னபடி கேட்கத் தொடங்கும். பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வரும் விருந்தாளி, நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கீங்க போல" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போவார். அவர்மேல் பிழையில்லை, அவர் பார்த்தது உண்மைதான், ஆனால் அது அன்றைய நாளின் பாதி மட்டுமே.

இப்போது அந்தக் காலையோடு ஓர் அரசு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வாதநோய்க்கெனத் தனி மருத்துவர்கள் இருப்பது பெரும்பாலும் பெரிய ஊர்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில்தான். அங்கும் வாதநோய்ப் பிரிவு வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே நடக்கும். கிராமத்திலிருந்து வருகிறவர் முதல் பேருந்தைப் பிடித்தால்தான் சீட்டு வரிசையில் நிற்க முடியும். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துப் பயணம் 2021இல் வந்தது எங்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அந்தப் பேருந்தின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது, ஏறும்போது பிடிக்க வேண்டிய கம்பியோ விரல்களை மூடிப் பற்ற முடிந்தவர்களுக்கானது. சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. எங்கள் சாலைகளுக்கு அவை எப்போது வரும் என்பது வேறொரு துறைக்கு எழுத வேண்டிய மடல்.

மருத்துவமனைக்குள் சீட்டு வரிசை, மருத்துவரின் அறை வரிசை, இரத்தம் கொடுக்கும் வரிசை, மருந்து வாங்கும் வரிசை என்று நான்கு இருக்கின்றன. இரத்தம் கொடுக்கும் இடத்தில் பத்து மணிக்கு மேல் வந்தால் மறுநாள் வரச் சொல்லிவிடுகிறார்கள். இந்நோய்க்கான முதன்மை மருந்தாகிய மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர்களுக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டியவை இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவை. இவற்றில் ஒன்றுக்குக்கூட வெறும் வயிறு தேவையில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தாலும் இதே முடிவுதான் வரும். ஆய்வகத்தின் வழக்கத்தைத் தவிர, நாங்கள் விடியற்காலையில் வந்து நிற்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இந்த வரிசைகளில் நான் பழகிய பெண்கள் பலர். பீடி சுற்றுகிறவர்கள், பூக் கட்டுகிறவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். விரல்தான் அவர்களது வருமானம். மருந்துக்காக ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகிறது. ஆகவே ஒரு மாதம் தள்ளிப்போடுகிறார்கள். முடக்குவாதத்தில் அந்தத் தள்ளிப்போடல் என்ன செய்யும் என்பதைத் தங்கள் துறை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். மெத்தோட்ரெக்ஸேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் போன்ற, நோயின் போக்கையே மாற்றும் மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகிறது. இடையில் விட்டால் நோய் மீண்டும் கிளம்புகிறது. அப்போது அந்தப் பெண்ணுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தெருமுனை மருந்துக் கடையின் ஸ்டீராய்டு மாத்திரை. அது மிகவும் மலிவு. ஒரே நாளில் கையை விரித்துக் கொடுத்துவிடும். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் பொதுவாக விற்கப்படும் பொடிகள் சிலவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பல ஆண்டுகள் இப்படிச் சொந்தப் பொறுப்பில் உண்பவர்களுக்கு எலும்பு பஞ்சாகிறது, சர்க்கரை ஏறுகிறது, கண்ணில் புரை விழுகிறது. "மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதே" என்று மருத்துவர்கள் எங்களைக் கடிந்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. நல்ல மருந்து அறுபது கிலோமீட்டர் தொலைவிலும் கெட்ட மருந்து அறுபது அடியிலும் இருக்கும்வரை அந்தக் கண்டிப்புக்குப் பலன் இருக்காது என்றே சொல்ல விரும்புகிறேன்.

இந்தத் தூரத்தைக் குறைக்கும் ஏற்பாடு புதிதாக உருவாக்கப்பட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. இயன்முறை மருத்துவமும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் பக்கத்து வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டு, என் கையைப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டுக் கடந்து போகிறார். என் நோய் அவரது பதிவேட்டில் இல்லை. நோய் கட்டுக்குள் வந்து மருந்தளவு நிலைபெற்ற முடக்குவாத நோயாளிகளையும் அந்தப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

இதற்கு வரக்கூடிய மறுப்பை நான் அறிவேன். மெத்தோட்ரெக்ஸேட் சர்க்கரை மாத்திரையைப் போன்றதன்று. கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியது, இரத்தம் பார்க்காமல் கொடுத்துக்கொண்டே போக முடியாது. இந்த மறுப்பு சரியானது. ஆனால் அது மருந்தோடு சேர்த்து இரத்தப் பரிசோதனையையும் அருகில் கொண்டுவர வேண்டும் என்பதற்கான வாதமே அன்றி, இரண்டையும் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்கானது அன்று. நிலைபெற்ற நோயாளிக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பது வழக்கமான நடைமுறை. அந்தப் பரிசோதனையை வட்டார மருத்துவமனையிலோ, வசதியுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடுத்து, முடிவு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் மருந்தைத் தொடரவும் எல்லை தாண்டினால் நிறுத்திவிட்டு வாதநோய் மருத்துவரிடம் அனுப்பவும் ஒரு பக்க அளவில் வழிமுறை வகுத்துவிடலாம். நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் வாதநோய்ப் பிரிவின் பொறுப்பிலேயே இருக்கட்டும். அடாலிமுமாப், ரிடுக்சிமாப் போன்ற உயிரியல் மருந்துகள் தேவைப்படுவோரும், கருத்தரிக்க விரும்பும் பெண்களும் அங்கேயே பார்க்கப்படட்டும். அவர்களது கவனிப்பு வேறு வகை.

இதே ஏற்பாட்டை இந்த மாநிலம் இதைவிடச் சிக்கலான நோயில் செய்துகாட்டியிருக்கிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு 2004 ஏப்ரலில் இந்தியாவில் இலவசமாகத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் அங்கு வந்து நின்றார்கள். பின்னர் இணைப்பு மையங்கள் வந்தன. உடல்நிலை சீரான நோயாளி தன் ஊருக்கு அருகிலேயே மருந்து வாங்கிக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் பெரிய மையத்துக்குப் போகும் வழி பிறந்தது. இன்னும் பின்னே போனால், காசநோயாளியைச் சானடோரியம் எனப்படும் தங்கும் மருத்துவமனையில் படுக்க வைத்தே தீர வேண்டுமா என்ற கேள்விக்கு 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வுதான் விடை சொன்னது. வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகவே குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான அதன் முடிவு, உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் முகத்தையே மாற்றியது. நோயாளியை மருத்துவமனை நோக்கி இழுப்பதைவிட மருந்தை நோயாளி நோக்கி அனுப்புவது நல்லது என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய ஊரின் சுகாதாரத் துறையிடம் இதைக் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பதிவேட்டில் இல்லாமல் இருப்பதன் விலை என்ன என்பதை 2020இல் கண்டோம். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன்படும் என்ற பேச்சு எழுந்ததும் கடைகளில் அது காணாமல் போனது. மார்ச் 26 அன்று மத்திய அரசு அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பதுக்கலைத் தடுக்க அது தேவையாக இருந்திருக்கும். ஆனால் முடக்குவாதத்துக்கும், அதைப் போலவே நோய் எதிர்ப்பு மண்டலம் உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் பல ஆண்டுகளாக அதை உண்டுவந்தவர்கள், ஊரடங்கில் பழைய மருந்துச் சீட்டோடு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு அந்த மருந்து மாதாமாதம் தேவை என்ற பட்டியல் ஒன்று துறையின் கையில் இருந்திருந்தால், அவர்களுக்கு உரியதை முதலில் ஒதுக்கிவைத்திருக்க முடியும்.

நேரத்தைப் பற்றிய கோரிக்கை இன்னும் எளியது. வாதநோய்ப் பிரிவு நடக்கும் நாள்களில், பழைய நோயாளிகளைப் பிற்பகலில் பார்க்க ஒரு வேளையை ஒதுக்க வேண்டும். அந்த நாள்களில் ஆய்வகமும் மருந்தகமும் அந்நேரம் வரை எங்களுக்காகத் திறந்திருக்க வேண்டும். நகர்ப்புற நல்வாழ்வு மையங்களை மாலையிலும் இயங்கும்படி தங்கள் துறையே அமைத்திருப்பதால், நண்பகலுக்குப் பின்னும் புறநோயாளிகளைப் பார்க்க முடியும் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து மாற்றுத்திறன் சான்று. உதவித் திட்டங்கள் வேறு துறையின் பொறுப்பு என்றாலும், சதவீதத்தை எழுதும் மருத்துவர்கள் தங்கள் துறையினர் என்பதால் இதைத் தங்களிடம் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் முடக்குவாதம் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனால் எலும்பு, தசை மண்டலப் பாதிப்பால் தன்னையும் பொருள்களையும் அசைத்துச் செய்யும் செயல்களைச் செய்ய இயலாமை என்று இயக்கக் குறைபாட்டுக்கு அது தரும் வரையறைக்குள் நாங்கள் தாராளமாக அடங்குவோம். அந்த இயலாமை எங்களுக்கு வந்து வந்து போகிறது என்பதுதான் சிக்கல். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று அளக்கும் முறை, வெட்டுண்ட கையையும் போலியோ தாக்கிய காலையும் சரியாக அளக்கும். அவை எந்த நேரத்திலும் ஒரே நிலையில் இருப்பவை. நான் போன முகாமில் என் முறை வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. கையை மூடச் சொன்னார் மருத்துவர், மூடினேன். காலையில் என்னால் பல் துலக்கும் தூரிகையைப் பிடிக்க முடியவில்லை என்று சொன்னதை அவர் பொறுமையாகவே கேட்டார்; ஆனால் படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. இடஒதுக்கீடும் பல சலுகைகளும் கிடைக்க வேண்டிய 40 சதவீதத்துக்கு வெகு கீழே ஓர் எண் அதில் விழுந்தது.

சட்டத்தை மாற்றும்படி மாநில அரசைக் கேட்பதில் பொருளில்லை. இருக்கும் விதிகளுக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. குறைபாட்டின் அளவு காலப்போக்கில் மாறக்கூடும் எனில், காலவரையறையோடு சான்று வழங்கலாம் என்று 2017ஆம் ஆண்டின் விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. முடக்குவாதத்துக்கு அந்த வழியைப் பயன்படுத்துமாறு மருத்துவக் குழுக்களுக்கு அறிவுறுத்தலாம். 28 மூட்டுகளில் வலியையும் வீக்கத்தையும் எண்ணி நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் முறையை வாதநோய்ப் பிரிவுகள் அன்றாடம் பயன்படுத்துகின்றன. ஓராண்டுக் காலப் பதிவுகளைக் குழுவின் முன் வைக்க நோயாளிக்கு வாய்ப்பளித்தால், ஒரு நண்பகலின் ஒரு நிமிடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதும் நிலை மாறும். குழுவில் எலும்பு முறிவு மருத்துவரோடு வாதநோய் மருத்துவரின் எழுத்துப்பூர்வக் கருத்தும் இருக்க வேண்டும். இன்னொன்று: பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தருவதற்கு அச்சட்டம் 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்கவில்லை. தங்கள் துறையிலேயே செவிலியர்களும் எழுத்தர்களும் இந்நோயோடு வேலை பார்க்கிறார்கள். காலைப் பணி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுப்பதை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

கடைசியாக, செலவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத ஒரு வேலை. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய மருந்து. தவறித் தினமும் உண்டால் வாய் முழுவதும் புண்ணாகி, இரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். உலகின் பல நாடுகளில் அப்படி நேர்ந்திருக்கிறது. அதோடு கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் அதைப் போன்றே சிறிய மஞ்சள் மாத்திரை. அரசு மருந்தகங்களில் அட்டையைக் கத்தரித்துத் தாள் உறையில் போட்டுத் தரும்போது, பெயர் அச்சான பகுதி வேறொருவரின் உறைக்குப் போய்விடுகிறது. உறையின் மேலோ காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. வாரம் என்ற கட்டம் அதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இரவுக் கட்டத்தில் ஒரு கோட்டைப் பார்த்தால் எல்லா இரவும் உண்ணத்தான் செய்வார். ஆகவே இந்த ஒரு மருந்துக்கு மட்டும் வேறு நிறத்தில் தனி உறை அச்சிட்டு, அட்டையைக் கத்தரிக்காமல் வழங்குமாறு வேண்டுகிறேன். அதில் இருக்க வேண்டிய வாசகத்தையும் எழுதித் தருகிறேன்:

"மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டும். உங்கள் கிழமை: ........ மற்ற ஆறு நாள்களும் இதை உண்ணக் கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், விடாத இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் அந்த வார மாத்திரையை உண்ணாமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். கருவுற்றவர்களும் கருத்தரிக்க விரும்புபவர்களும் இதை உண்ணக் கூடாது."

எழுத்து பெரிதாக இருக்கட்டும். கிழமைக்கான இடத்தை மருந்தாளுநரே நிரப்பித் தர வேண்டும். எங்களில் பலரால் பேனா பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முடக்குவாத நோயாளி ஒருவர்,
முன்னாள் தையல் ஆசிரியை.